மணிக்கட்டோடு நின்ற குறிப்புகள்

மருத்துவக் கல்லூரிக்கு எதிரே இருந்த அந்தப் பழைய புத்தகக் கடையில், எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று உண்டு. ஒரு புத்தகம் ஏன் விலைக்கு வந்தது என்று வாங்குபவர் கேட்கக்கூடாது, விற்றவரும் சொல்லக்கூடாது. தேறியவன் புத்தகமும் தோற்றவன் புத்தகமும் அங்கே ஒரே அலமாரியில்தான் நிற்கும்.

திங்கட்கிழமை முதல் பருவம் தொடங்குகிறது. வெள்ளை அங்கி தைத்தாகிவிட்டது. முதலாண்டில் சேர்ந்திருந்த அவள் பட்டியலில் மிச்சம் உடற்கூறியல் புத்தகம் மட்டும்தான். கடையில் இருந்ததோ ஒரே பிரதி. அவள் கைவைத்த அதே நொடியில் ஓர் இளைஞனின் கையும் அதன்மேல் விழுந்தது...

"நான்தான் முதல்ல எடுத்தேன்."

"தெரியும். என் தம்பிக்கு வேணும்... விட்டுக்குடுங்களேன்."

"திங்கக்கிழமை எனக்கே வகுப்பு. வேணும்னா உங்க தம்பியே வந்து கேக்கட்டும்!"

மழையில் நனைந்த தலைமுடி. பொய் சொல்லிப் பழகாத கண்கள். அந்தக் கண்களைப் பார்க்காமலிருப்பதற்காகவே அவள் பக்கங்களைப் புரட்டினாள். ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். 'மணிக்கட்டில் எட்டு எலும்புகள் கூட்டுக்குடித்தனம். கீழே விழுந்தால் முதலில் உடைபவர், மூத்த மாப்பிள்ளை படகெலும்பார்.' அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அதற்கப்புறம் ஓரங்கள் வெறுமையாக இருந்தன.

"என்னமா எழுதியிருக்காரு! ஆனா மணிக்கட்டோட நிறுத்திட்டாரே... சரியான சோம்பேறி!"

அவன் முகம் சுண்டிப்போயிற்று. மழையில் இறங்கி நடந்தான். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விழுங்கிவிட்டுச் சணலை எடுத்துப் புத்தகத்தைக் கட்டத் தொடங்கினார்.

போனால் போகட்டுமே... என்று நினைத்தாள். மனம் என்னவோ வாசலிலேயே நின்றது.

முடிச்சு விழுவதற்குள் அவன் திரும்பி வந்துவிட்டான், சொட்டச் சொட்ட.

"எனக்குத் தம்பியே கிடையாது."

புத்தகம் வாங்க வரிசையில் நின்ற புதுமுக மாணவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேணாம்ப்பா..." என்றார் கடைக்காரர், தாழ்ந்த குரலில்.

"இருக்கட்டும்ண்ணே. அந்தச் சோம்பேறி நான்தாங்க. போன வருஷம் முதல் பருவத்துலயே ஃபெயில். வெக்கம் தாங்காம இதை வித்துட்டு வீட்டுக்கு ஓடிட்டேன். திங்கக்கிழமை மறுபடியும் முதல்லேர்ந்து... உங்க வகுப்புலதான். புத்தகம் உங்ககிட்டயே இருக்கட்டும். நான் எழுதினதைப் படிச்சு ஒருத்தர் சிரிச்சு இன்னிக்குத்தான் பாத்தேன். அதை இன்னொரு தடவை பாக்கணும்னுதான் திரும்பி வந்தேன்."