நாற்பத்து மூன்று இணைப்புகள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரும்பாலை ஆபீசில் ஓர் ஆளும் வேலையில் இல்லை, ஆனாலும் சர்வரின் மெமரி ஏறிக்கொண்டே இருந்தது. கல்வராயன் மலைப் பக்கமிருந்து மழை இருட்டிக்கொண்டு வர, கரும்புச்சக்கை புளித்த வாடையும் ஏசியின் ஈரக்காற்றும் கலந்த கண்ணாடி அறையில், இலக்கியா தனியாக உட்கார்ந்து, அறுபது சதவீதம் எழுபதாவதையும் எழுபது எண்பதாவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நிரம்பினால் சர்வர் நின்றுபோகும். நாளைக்கு ஒரு விவசாயிக்கும், கரும்பை வெட்டி ஆலைக்கு அனுப்பச் சொல்லும் வெட்டு உத்தரவு போகாது.

மேனேஜர் ராஜாங்கம் போனில் கத்தினார். "காலையிலருந்து இன்னாம்மா கிழிச்சிக்கினு கீற? அஞ்சு மணிக்குள்ள சரியாவலன்னா நாளையிலருந்து வேலைக்கு வராத."

"பாத்துக்கினுதான் சார் இருக்கேன்."

யாரோ உள்ளே நுழைந்துவிட்டு வெளியேறாமல் மெமரியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். பட்டியலை எடுத்தாள். நாற்பத்து மூன்று இணைப்புகள். எல்லாமே, வெளிக்கூடத்தில் விவசாயிகள் தங்கள் வெட்டு முறை பார்க்கும் கம்ப்யூட்டரிலிருந்து. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: என் முறை எப்போது?

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அந்தக் கம்ப்யூட்டரின் பிளக் பிடுங்கிக் கிடந்தது.

பெயர்களைப் படித்தாள். தியாகதுருகம் சுப்புராயன். போன மாதம்தான் அவர் கருமாதிக்குப் போய் வந்திருந்தாள். சின்னதுரை, மின்னல் விழுந்து போனவர். சாலம்மாள், பாம்பு கடித்து.

"சார், எல்லாம் செத்தவங்க பேரு."

"அப்பன் செத்தாலும் அவன் பேர்லயேதான கரும்பு அனுப்புறானுங்க? பேர் மாத்துனா முறை தள்ளிப்போவும்னு பயம். உனுக்கு இது புதுசா? அந்தப் பேருங்களத் தூக்கி வுட்டுட்டு வூட்டுக்குப் போ."

ஒன்றைத் துண்டித்தாள். திரும்ப வந்தது. மறுபடி துண்டித்தாள். வந்தது. இப்போது கேள்வி மாறியிருந்தது.

எங்களை வெளியே தள்ளுவது யார்?

எண்பத்தொன்பது. தொண்ணூற்று மூன்று.

பெயர்களைப் பதிவிலிருந்தே அழித்தால் அவர்கள் பிள்ளைகளின் கரும்பு கொல்லையிலேயே காயும். தெரியும். வேலை போனால் அவள் வீட்டில் உலை ஏறாது.

அழித்தாள். நாற்பத்து மூன்றும்.

ஐம்பது. முப்பது. பன்னிரண்டு.

"சரியாயிடுச்சி சார்."

"இத்த முன்னாடியே செஞ்சிருந்தா இன்னா?" போன் அறுந்தது.

பையை எடுத்தாள். வெளியே போக அந்தக் கூடம் ஒன்றுதான் வழி.

க்ரீச்.

முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள் அகன்று வளைந்தன. ஆள் உட்கார்ந்தாற்போல. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்திலும். வரிசை நிறைந்தது. அடுத்த வரிசையும்.

பிறகு, எல்லா நாற்காலிகளும், தரையில் தேய்ந்தபடி, மெதுவாக அவள் பக்கம் திரும்பின.