உடைந்த பல்லின் அச்சு

வடக்கு மினசோட்டாவின் ஏரிக்கரையில், ஹில்மரின் பழைய கொட்டகை முன்னால் ஓரின் டிரக்கை நிறுத்தியபோது பனி மெல்லத் தூறிக்கொண்டிருந்தது. பழைய மோட்டார் பனிவண்டிகளுக்கு இப்போது எந்தக் கம்பெனியும் உதிரிபாகம் செய்வதில்லை. அசலில் அச்செடுத்து, அதேபோல் வார்த்துக் கொடுப்பதுதான் ஓரினின் பிழைப்பு. ஆனால் இன்று வந்தது பிழைப்புக்காக அல்ல. மறுநாள் பழைய வண்டிகளின் ஊர்வலம். செத்துப்போன அம்மாவின் வண்டியை ஓட்டியே தீருவேன் என்று மகள் மார்னி ஒற்றைக்காலில் நின்றாள். அந்த வண்டியின் அடியில் ரப்பர் பட்டையை இழுத்து ஓட்டும் பல்சக்கரமோ வெடித்துக் கிடந்தது.

ஹில்மர் தார்ப்பாயை விலக்கினான். சேறு காய்ந்த, அதே மாடல் வண்டி ஒன்று நின்றது.

"என் தம்பி ராய்ஸோடது. ஏரிக்குள்ள போயிருச்சு. வண்டி கிடைச்சுது. அவன் கிடைக்கலை."

"தெரியும் ஹில்மர். சக்கரத்தை மட்டும் குடு, நாளைக்கே திருப்பிடறேன்."

சக்கரத்தின் ஒரு பல் பாதி உடைந்திருந்தது. ஹில்மர் அதை விரலால் தடவினான்.

"இதைப் புட்டிப் பசை வெச்சு நிரப்பிட்டு அச்செடு. முங்குன வண்டியோட வடுவை அப்படியே வார்க்கக் கூடாது."

"நான் என்ன நேத்துப் பொறந்தவனா?"

"நேத்துப் பொறந்தவனா இருந்தா பயப்படுவான். உன்னை மாதிரி பழம் தின்னு கொட்டை போட்டவன்தான் சொதப்புவான்."

அந்தக் கரையில் இந்த வழக்கம் தெரியாத மெக்கானிக் கிடையாது. ஓரினும் பட்டறைக்குப் போனதும் புட்டிப் பசையைக் குழைத்துப் பல்லில் அப்பத்தான் செய்தான். பாழாய்ப்போன குளிரில் அது காயவே இல்லை. வழித்து எறிந்தான். ஒரு ஊர்வலத்துக்கு அரைப் பல் தாங்காதா? அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். ஓரின் போக வைத்தான். உடைந்த பல்லோடே அச்செடுத்தான்.

வார்த்த பிளாஸ்டிக் சக்கரத்தை அச்சிலிருந்து எடுத்தபோது வழக்கமான ரசாயன நெடி வரவில்லை. ஏரிச் சேற்றின் வாடை வந்தது.

உடைந்த பல்லில் ஒரு சொட்டு நீர் நின்றது. துடைத்தான்.

மறுபடி நின்றது.

வெளியே மார்னி பாடிக்கொண்டே வண்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபின் ஊர்வலம் வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. சக்கரத்தைப் பூட்டிவிட்டான்.

மறுநாள் நல்ல வெளிச்சத்தில் ஊர்வலம் கிளம்பியது. கரைத் திருப்பத்தில் எல்லா வண்டிகளும் இடப்பக்கம் ஊருக்குள் திரும்பின. மார்னியின் வண்டி மட்டும் வலப்பக்கம் உறைந்த ஏரிக்குள் இறங்கியது.

டக்... டக்... டக்...

உடைந்த பல் ஒவ்வொரு சுற்றுக்கும் பட்டையில் தட்டுகிற சத்தம். ஓடை வந்து ஏரியில் கலக்கும் இடத்தை நோக்கி வண்டி நிதானமாகப் போனது. அங்கேதான் பனிக்கட்டி மெல்லிசு. அங்கேதான் ராய்ஸ் மூழ்கினான்.

"குதிச்சிரு மார்னி!" ஓரின் விழுந்து எழுந்து ஓடினான்.

"முடியலைப்பா! இன்ஜினை அணைச்சிட்டேன், ஆனாலும் போகுது! கையை எடுக்க வரலை!"

ஓரின் வண்டியின் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கினான். வண்டி அவனையும் சேர்த்து இழுத்தது. அவன் நெஞ்சுக்குக் கீழே பனிக்கட்டி முனகியது. பெற்ற வயிறு மட்டுமா எரியும்? அவனுக்கு உடம்பு முழுக்க எரிந்தது.

"ராய்ஸ்!" என்று கதறினான். "நிரப்பாம வார்த்தது நான்டா! அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவளை விட்டுரு. உனக்கு ஆள் வேணும்னா நான் வர்றேன்!"

டக்.

வண்டி நின்றது.

மார்னியை இழுத்துக்கொண்டு அவன் தவழ்ந்து விலகினான். வண்டி தானாகவே கொஞ்ச தூரம் போய், பனியை உடைத்து, சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது.

கரையில் நின்ற டிரக்கில் அவளை ஏற்றிக் கம்பளி சுற்றினான். அவள் விரல்களைத் தேய்த்துச் சூடேற்றினான். அவனுக்கு அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தன.

"அப்பா," அவள் பல் தந்தியடித்தது. "பின்னாடி உட்கார்ந்து என் கையை அமுக்கிப் பிடிச்சது நீங்கதானே?"

"நான்தாம்மா."

"ஏன்ப்பா உங்க கை அவ்வளவு ஈரமா இருந்துச்சு?"

அவன் கம்பளியை இன்னும் இறுக்கிச் சுற்றினான். காலுக்கடியில் ஏதோ தட்டியது.

டக்.

டிரக் சாவி அவன் பையில்தான் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே கரையோரப் பிர்ச் மரங்கள் மெல்லப் பின்னால் நகர்ந்தன, முன்னால் ஏரி நெருங்கியது.

அவள் பக்கக் கதவைத் திறந்தான்.

"இறங்கு கண்ணு. ஹில்மர் அங்கிள் அதோ நிக்கறார் பாரு. ஓடு."

"நீங்க?"

"வர்றேன், நீ போ!" என்று அவளைப் பிடித்துத் தள்ளினான். அவள் இறங்கியதும் அந்தக் கதவு தானாகவே சாத்திக்கொண்டது.

தன் பக்கத்துக் கைப்பிடியை இழுத்தான். அது அசையவில்லை. அது ஈரமாக இருந்தது.