அழுகை நின்ற வீடு

“கையை எடு, சிட்டு! எடுன்னு சொல்றேன்ல!”

விளக்குமாற்றுப் பிடியால் தரையை ஓங்கித் தட்டினாள் அவள். கதவடி இடுக்கு வழியாக நான்கு பிஞ்சு விரல்கள் உள்ளே நீண்டிருந்தன. சத்தத்துக்கு அவை மிரளவில்லை. தரையைத் தடவித் தடவி அம்மாவைத் தேடின. அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

“அத்தைகிட்டப் போடி, செல்லம்...”

விரல்கள் மறைந்தன. இனி வீடே அதிர அழப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அழுகை வரவில்லை.

அது ஏனோ சரியாகப் படவில்லை.

பிசியோதெரபி கிளினிக்கில் ஊரார் முதுகையெல்லாம் அழுத்திவிட்டுப் பிழைப்பவள் அவள். யாரோ ஒருவர் முதுகில் இருந்த கொப்புளத்தை வேர்க்குரு என்று நினைத்து, கையுறை போடாமல் தேய்த்துவிட்டாள். பிறகு காய்ச்சல். கழுத்தில் நெறி கட்டிய வீக்கம். உடம்பெல்லாம் கொப்புளம். குரங்கம்மை.

டாக்டர் போனில் மிச்சம் வைக்காமல் சொல்லிவிட்டார். “தனி ரூம், தனித் தட்டு. கொப்புளத்தைக் கிள்ளாதீங்க, சொறியாதீங்க. சுத்தமா, உலர்ந்து இருக்கட்டும். வாய்ப்புண்ணுக்கு உப்புத் தண்ணி கொப்பளிங்க. பொருக்கெல்லாம் உதிர்ந்து புதுத்தோல் வர்ற வரைக்கும் வெளிய வரக்கூடாது. உங்க துணிமணியில, படுக்கையிலகூட கிருமி ஒட்டியிருக்கும். சின்னக் குழந்தைக்கு வந்தா நிலைமை மோசமாயிடும்மா.”

உள்தாழ் போதாதா என்று கணவன் கேட்டதற்கு அவள்தான் மறுத்தாள். “அவ அழுதா நானே திறந்துடுவேன். வெளியில தாழ் போடுங்க.”

முதல் சில நாட்கள் கதவைப் பிராண்டிப் பிராண்டி அழுதாள் சிட்டு. இவள் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பிறகு ஒருநாள் அழுகை பட்டென்று நின்றது. உதவிக்கு வந்திருந்த நாத்தனாரின் கைராசி என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினாள்.

இப்போது அந்த நிம்மதிதான் உறுத்தியது.

பொழுது சாய்ந்தது. கிருமிநாசினி நெடியும் அவள் தோலின் புளித்த வாடையும் கலந்து அறையில் தேங்கிக் கிடக்க, ஜன்னல் கம்பிகளின் நிழல் கட்டிலில் ஏறி, சுவரில் ஊர்ந்து, மெல்லக் கதவு வரைக்கும் வந்து படுத்துக்கொண்டது. டிவி சத்தம் இல்லை. பாத்திரச் சத்தம் இல்லை. கணவன் வேலைக்குப் போயிருந்தான். குழந்தை இன்னும் வீட்டில்தான் இருக்கிறதா? ஒருவேளை ஆஸ்பத்திரியில்... இவளிடம் மறைக்கிறார்களா?

கதவில் காதை வைத்தாள்.

சப்... சப்... சப்...

ஈரமான சத்தம். மிகப் பக்கத்தில். கதவுக்கு அந்தப் பக்கமே.

“யாரு?”

“வேற யாரு, நான்தான்!” நாத்தனாரின் குரல். “என்ன அண்ணி, உள்ள தூக்கமா, தவமா?”

“சிட்டு எங்க?”

“என் மடியிலதான். அசந்து தூங்குறா. கதவுகிட்ட உக்காந்தாதான் மேடத்துக்குத் தூக்கமே வருது.”

“உடம்பு சுடுதா?”

“லேசா. கடவாய்ப் பல்லு முளைக்குதுபோல.”

அவள் காதைக் கதவோடு இன்னும் அழுத்தினாள்.

சப்... சப்...

“அது என்ன சத்தம்?”

நாத்தனார் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “கோவப்படாதீங்க, அண்ணி. அண்ணன்கிட்டகூடச் சொல்லல. அம்மா அம்மான்னு அழுது ஒருநாள் மூச்சே நின்னுடும்போல ஆயிடுச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அதான் துவைக்கப் போட்டதுலேர்ந்து உங்க நைட்டிய எடுத்துப் போர்த்திவிட்டேன். அவ்வளவுதான், பெட்டிப்பாம்பா அடங்கிட்டா!”

“துவைச்சுட்டுத்தானே குடுத்த?”

சப்... சப்...

“சொல்லுடி! துவைச்சியா?”

“துவைச்சா உங்க வாசனை போயிடுமே, அண்ணி.”

கதவில் மோதினாள். தோளால். கையால். தாழ் அசையவில்லை. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து மரத்தில் பிசுபிசுத்தது.

“பிடுங்கு! அதைப் பிடுங்குடி அவகிட்டேர்ந்து!”

“ஐயோ, தட்டாதீங்க. எழுந்துடுவா.”

“எத்தனை நாளா?”

“அழுகையை நிறுத்தினாளே... அன்னிலேர்ந்துதான்.”

தரையில் விழுந்தாள். கன்னத்தைத் தரையோடு அழுத்தி இடுக்கு வழியே பார்த்தாள். நாத்தனாரின் மடி. அதில் அவளுடைய பழைய நீல நைட்டி. சீழ் காய்ந்து விறைத்துப்போன திட்டுகள். அதன் கைநுனியைச் சப்பிக்கொண்டிருக்கும் சின்ன வாய்.

உதட்டோரத்தில், வெளுத்த முனையோடு, ஒரு கொப்புளம்.

தூக்கத்தில் சிட்டு சிரித்தாள்.