நுரைக்குக் காது கொடுத்தவள்

“நில்லுங்க! அந்த ஈரக் காலோட ஒரு அடி உள்ள வெச்சீங்க... என் பிள்ளைங்க செத்துப்போயிடும்!”

மழையில் தொப்பலாக நனைந்து வாசலில் நின்றவன் மிரண்டுபோனான். பிள்ளைகளா? ஒரு பெரிய எஃகுத் தொட்டிதான் முனகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வெள்ளைக் கோட்டில் அவள். கோபத்தில் கண்கள் இன்னும் பெரிதாகி... அடடா!

அந்தத் தொட்டியில் பழத்தோல் கழிவைத் தின்று, மண்ணில் மட்கும் பிளாஸ்டிக்கைத் தரும் பாக்டீரியாக்கள் வளர்ந்தன. வெளிக்கிருமி கலந்தால் அவை செத்துவிடும். நான்கு வருடமாக அவைதான் அவளுடைய பிள்ளைகள்.

“இந்தத் தொட்டிக்கு சாஃப்ட்வேர் எழுதறவன் நான். ரெண்டாம் நம்பர் ஆபரேட்டரைப் பார்க்கணும்.”

“பார்த்துட்டீங்க. சொல்லுங்க.”

மூன்று மாதமாக அவன் கணினித் திரையில் துரத்திய எண் இவளா! இவள் வேலைக்கு வந்த நாளெல்லாம் விளைச்சல் ஏறியது. லீவு போட்டால் விழுந்தது. ஏனென்று அவனுடைய புரோகிராமுக்கு விளங்கவே இல்லை.

“ஏதோ செய்றீங்க. ஆனா கம்ப்யூட்டர் பதிவுல, குறிப்புங்கிற இடத்துல, தினமும் ‘ஒன்றுமில்லை’ன்னு போடறீங்க...”

“ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்லதான்!”

வெடுக்கென்று திரும்பிக்கொண்டாள். சொன்னால் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும். அப்புறம் நான் எதற்கு?

அவன் தினமும் வந்தான், நடுவில் அவள் லீவு போட்ட நாளிலும். வாசலிலேயே ஷூவைக் கழற்றி, காலைத் துடைத்து, மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்தான். அவள் வீட்டில் தங்கை கிண்டலடித்தாள்: “அக்கா, இப்பல்லாம் தொட்டியைப் பத்திப் பேசறதே இல்லையே நீ!”

ஏழாம் நாள் அவன் பார்த்துவிட்டான். அவள் தொட்டியில் காதை வைத்து நுரையின் சத்தத்தைக் கேட்டாள். காற்றுக் குழாயின் திருகைக் கையால் ஒரு துளி திருப்பினாள்.

“இதைப் புரோகிராம்ல எழுதிடுவீங்களா?” என்றாள்.

“நீங்க சொல்லாம எழுதமாட்டேன். மைக் வெச்சா கம்ப்யூட்டருக்கும் கேட்கும். ஆனா எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்னு தினமும் சொல்லித்தர உங்க காது வேணும். நம்புங்கன்னு கட்டாயப்படுத்தலை... என்னால முடியலைன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டுப் போயிடறேன்.”

லேப்டாப்பை மூடிக்கொண்டு போயே விட்டான்.

எனக்காகத் தோற்கிறானே... அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை, கடைசியாக ஒருமுறை பதிவைத் திறந்தவன் திகைத்தான்.

‘குறிப்பு: நுரைச் சத்தம் கனத்தால் காற்றைக் கொஞ்சம் கூட்டுவேன். சொல்லித்தர வருகிறேன். இன்னொன்று... ஒரு வாரமாகத் தொட்டியில் காது வைத்தால், வாசலில் உங்கள் காலடி கேட்கிறதா என்றுதான் மனசு பார்க்கிறது.’

மழையில் ஓடி வந்தான். வாசலில் மூச்சு வாங்க நின்றான்.

“அந்தப் பதிவு மேனேஜருக்கும் போகுமேங்க!”

“போகட்டும்...” முகம் சிவந்தது.

“நீங்க லீவு போட்ட அன்னிக்கும் நான் வந்தேன். அன்னிக்கு விழுந்தது விளைச்சல் மட்டும் இல்ல... என் மனசும்தான். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

அவள் கண்கள் நிறைந்தன. கையிலிருந்த துண்டை அவனிடம் நீட்டினாள்.

“காலைத் துடைச்சுக்கிட்டு... உள்ள வாங்க.”