காணாமற்போன கொம்புகள்

மாமியார் துப்பறிபவர், மாப்பிள்ளை உதவியாளர் என்றால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். மாப்பிள்ளை அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. கண்காட்சிக் கூடத்துக் காவல்காரரின் மகள் அழுதுகொண்டே வந்து நின்றபோது, செருப்பை முதலில் மாட்டிக்கொண்டவர் அவர்தான்.

"எழுத்துக் கண்காட்சியில மரத்துல செஞ்ச மாட்டுத்தலையைக் காணோம். அந்த இடத்துல யாரோ சாதாரண இங்கிலீஷ் 'ஏ'யை மாட்டியிருக்காங்க. சாயங்காலம் திறப்பு. அதுக்குள்ள கிடைக்கலேன்னா அப்பாவுக்கு வேலை போயிடும்!"

கண்காட்சிக் கூடத்தில் பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. ஆங்கிலத்தின் முதல் எழுத்து பிறந்த கதை சுவரில் வரிசையாக இருந்தது. நடுவில் பக்கவாட்டில் சாய்ந்த ஓர் எழுத்து. இரு ஓரங்களிலும் நிமிர்ந்த 'ஏ'.

"பட்டியல்ல 'மாட்டுத்தலை'ன்னு இருக்கு, நான் இன்னும் அதைப் பார்க்கக்கூட இல்ல. இதுக்கு முன்னாடி கண்காட்சி நடந்த ஊர்ல அந்த மாட்டோட கொம்பைத் தடவாத குழந்தையே இல்லையாம்" என்று நிர்வாகி தலையில் கை வைத்துக்கொண்டார். காவல்காரர் மூலை மூலையாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"அத்தை, திருடன் சேதி விட்டுட்டுப் போயிருக்கான்! 'ஏ'ன்னா முதல் கிரேடு, ரத்த வகை, பெரியவங்க மட்டும் பார்க்கிற சினிமா..."

"கொஞ்சம் மூச்சு விடுங்க மாப்பிள்ளை."

அத்தை குனிந்து முதல் 'ஏ'யைப் பார்த்தார். உடம்பெல்லாம் சொரசொரப்பு, இரண்டு கால் நுனிகள் மட்டும் வழவழவென்று மின்னின. அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. சுவருக்கு பெயின்ட் அடித்தவரையும் கூப்பிடச் சொன்னார்.

எல்லாரும் கூடியதும் சொன்னார்: "எதுவும் திருடு போகல. ஆதியில மாட்டுத்தலையை வரைஞ்சுதான் இந்த எழுத்தை எழுதினாங்க. போகப் போக அது சாய்ஞ்சு, அப்புறம் தலைகீழாவே நின்னுடுச்சு. அன்னிக்குக் கொம்பு, இன்னிக்குக் கால். குழந்தைங்க காலையா தடவியிருப்பாங்க? வழவழன்னு இருக்கிறது கொம்புதான். நேத்து சுவருக்கு பெயின்ட் அடிச்சப்போ இதைக் கழட்டினது யாரு?"

பெயின்டர் தலையைச் சொறிந்தார். "நான்தாம்மா. எல்லாத்தையும் இறக்கிட்டுத்தான் அடிப்பேன். இது தலைகீழா இருந்துச்சு. யாரோ அவசரத்துல மாட்டிட்டாங்கன்னு நிமிர்த்தி வச்சேன். பக்கத்துல சாய்ஞ்சிருக்கே, அதையும் நிமிர்த்தப் பார்த்தேன், ஆணி ஒத்துவரல."

கூடமே குலுங்கிச் சிரித்தது. நிர்வாகி காவல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்கண்ணே. திறப்பு விழாவே உங்க கையாலதான்."

சாயங்காலம் கூட்டத்தின் நடுவே காவல்காரர் அந்த 'ஏ'யைக் கழற்றி, மெதுவாகத் தலைகீழாகத் திருப்பி மாட்டினார். "மாடு! மாடு!" என்று குழந்தைகள் கத்தினார்கள். மகளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

கொம்பைத் தடவ வரிசை நின்றது. முதல் ஆள், மாப்பிள்ளை.