வேகம்: பூஜ்யம்

2013 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை. காலை 7.07.

ஜெட் தலைகுப்புறப் பாய்ந்தது.

ஆளில்லாமல் பறக்கும் குட்டி விமானம். ஆறடி நீளம், பதினான்கு கிலோ, மண்ணெண்ணெயில் ஓடும் என்ஜின். வலங்கைமானுக்குத் தெற்கே இன்னும் திறக்காத புதுச் சாலையிலிருந்து ஏறி, ரெமிஜியஸ் ரிமோட்டில் ஓட்டியவரை ஒழுங்காகத்தான் பறந்தது. அப்புறம் அவன் ஆட்டோ பைலட்டுக்கு மாற்றும் விசையைத் தட்டினான். அடுத்த நொடி மூக்கு கீழே போனது. விசையைத் திருப்பித் தட்டி இழுத்துப் பிடித்தான். மூக்கு நிமிர்ந்தது, ஆனால் உயரம் மிச்சமில்லை. அறுப்பு முடிந்து உளுந்து முளைத்திருந்த வயலில் வயிற்றால் சறுக்கி நின்றது.

முன்சக்கரக் கால் வளைந்தது. மற்றபடி ஜெட்டுக்குச் சேதமில்லை. சேதமெல்லாம் ரெமிஜியஸுக்குத்தான்.

சவூதியில், தம்மாம் விமான நிலையத்தில் பதினோரு வருடம் பெட்டி தூக்கியவன். பழுது பார்ப்பவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தே தொழில் பிடித்தவன். விமானத்தைத் தானாக ஓட்டும் அந்தச் சின்ன ஆட்டோ பைலட் பெட்டியை, என்ஜின் அதிர்வு தாக்காமல் ஸ்பாஞ்சு வைத்து, ஒவ்வொரு ஒயராக அவனே பொருத்தியிருந்தான். குட்டி விமானம் செய்யும் பெங்களூரு கம்பெனிக்குப் பிடித்தால் சொந்த ஊரிலேயே வேலை. பிடிக்காவிட்டால் வியாழக்கிழமை மறுபடி தம்மாம்.

கம்பெனியிலிருந்து வந்தவர் பாத்திமா, என்ஜினியர். அவருக்கு மாலையில் நீடாமங்கலத்தில் ரயில். சென்னையிலிருந்து பரணிதரன் என்று ஒருவனும் வந்திருந்தான். வெளிநாட்டு ஆட்டோ பைலட் விற்கும் ஏஜென்ட். ரெமிஜியஸ் தோற்றால் கம்பெனி இவன் பெட்டியை வாங்கும். அப்படியிருந்தும் உதவி செய்ய வந்தேன் என்று சிரித்தான். போட்டிக்காரன் உதவிக்கு வந்தான் என்றால் நம்புவதற்கு ஊரில் ஆள் உண்டு. சாலைப் பந்தோபஸ்துக்கு வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் வானதி அந்த ரகம் இல்லை.

காலை 7.40. வயல் ஓரத்துக் கொட்டகை.

ரெமிஜியஸ் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான்.

"பாருங்க மேடம். வானத்துல பறந்துக்கிட்டு இருக்கு. பெட்டி எழுதி வச்சிருக்கு, வேகம் பூஜ்யம்னு. வேகமே இல்ல, விழுந்துடுவோம்னு நெனச்சு அதுவே மூக்கக் குத்தியிருக்கு."

"வேகம் அதுக்கு எப்படித் தெரியும்?"

"மூக்குல இந்தப் பித்தளைக் குழாய் இருக்குல்ல? எதிர்க்காத்து இதுக்குள்ள அழுத்துற அளவை வச்சுதான்."

பேனா ரீஃபில் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை. உள்ளே ஊசி விட்டு நோண்டினான். மஞ்சளாக வந்தது. முகர்ந்தான்.

சந்தனம்.

கொட்டகைக்காரி தர்மாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். வயலும் அவளுடையதுதான்.

"அய்யோ, நான் வச்ச பொட்டா! புது வண்டியாச்சேன்னு பூசை போட்டேனே! உன் பொழப்புல மண்ணைப் போட்டுட்டேனே தம்பி!"

"விடுங்கக்கா," என்றான் ரெமிஜியஸ். குரலில் உயிர் இல்லை.

"அவங்களைச் சொல்லித் தப்பில்ல," என்றான் பரணிதரன். "பறக்கறதுக்கு முன்னாடி குழாயைப் பார்க்க வேணாமா? இதெல்லாம் படிச்சவங்க செய்யற வேலை."

வானதி எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். தர்மாம்பாள் நெற்றியில் சந்தனமும் அதன் மேல் குங்குமமும் கண்ணீரில் கரைந்துகொண்டிருந்தன. ரெமிஜியஸ் கழுத்தில் சந்தனம் காய்ந்திருந்தது. பாத்திமா பூசையில் எடுத்துக்கொண்டது ஒரு ரோஜாப்பூ மட்டும். பரணிதரன் நெற்றியில் சின்னதாகக் குங்குமம்.

"அம்மா, அழுவாதீங்க. பூசை எத்தனை மணிக்கு?"

"ஆறரை இருக்கும்."

"அப்போ குழாய் திறந்திருந்துச்சா?"

"சிவப்பா உறை மாட்டியிருந்துச்சு. பக்கத்துலதான் பொட்டு வச்சேன்."

"ரெமிஜியஸ், உறையை எப்ப எடுத்தீங்க?"

"6.48. எடுத்த உடனே எட்ட நின்னு ஊதிப் பார்த்தேன். வேகம் ஏறுச்சு. பெட்டியிலயே பதிவு இருக்கு, பாருங்க."

"அப்புறம்?"

"பேட்டரி எடுக்கக் கொட்டகைக்குள்ள போனேன். அஞ்சு நிமிஷம்."

"பாத்திமா மேடம், நீங்க?"

"ஆபீஸ் போன் வந்தது. சாலை முனைக்கு வந்து, உங்க பக்கத்துலயேதானே நின்னு பேசினேன்?"

"ஆமா, நின்னீங்க."

"அந்தம்மாதான் திரும்ப வந்து பொட்டைச் சரி பண்ணியிருப்பாங்க," என்றான் பரணிதரன்.

"வரல. 6.40க்குத் தட்டை வீட்டுல வச்சுட்டு, எனக்கும் கான்ஸ்டபிளுக்கும் டீ கொண்டு வந்தாங்க. ஏழு வரைக்கும் சாலை முனையிலதான் கதை பேசிக்கிட்டு இருந்தோம்." வானதி தர்மாம்பாள் பக்கம் திரும்பினாள். "சந்தனம் யார் யாருக்குக் கொடுத்தீங்க?"

"உனக்கு, கான்ஸ்டபிளுக்கு, ரெமிஜியஸு தம்பிக்கு. சென்னைத் தம்பி மட்டும் இன்னும் கொஞ்சம் குடுங்கன்னு கேட்டு வாங்கிச்சு. பட்டணத்துல இருந்தும் பக்தியான பிள்ளைன்னு நெனச்சேன்."

காலை 8.15.

"பரணிதரன் சார், சந்தனத்தை எங்க வச்சுக்கிட்டீங்க?"

"நெத்தியிலதான்."

"காணோமே?"

"வியர்வையில அழிஞ்சிருக்கும் மேடம்."

வானதி தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள்.

"சந்தனத்தை வச்சுட்டுத்தான் அது மேல குங்குமம் வைப்போம். மேல இருக்கிற குங்குமம் கலையாம இருக்கு. அடியில இருக்கிற சந்தனம் மட்டும் எப்படி சார் அழியும்?"

பரணிதரன் நெற்றியைத் தடவினான்.

"நீங்க வைக்கவே இல்ல. கேட்டு வாங்கின சந்தனத்தைக் கையில வச்சிருந்தீங்க. இவர் உள்ள போனதும், வண்டிகிட்ட வேற யாரும் இல்லாத நேரமாப் பார்த்துக் குழாயில அடைச்சிட்டீங்க. பழி பூசை போட்ட பொம்பளை தலையில விழும், இவரும் படிக்காதவர்னு ஆயிடும்னு கணக்கு. உறை மாட்டியிருந்தப்பதான் பூசை நடந்துச்சுங்கறதை யோசிக்கல. பெட்டி நேரம் போட்டு எழுதும்னு தெரிஞ்சும் மறந்துட்டீங்க."

"இதெல்லாம் உங்க யூகம்."

"சரி, இல்லன்னு எழுதிக் கொடுங்க. உங்க பேனாவுலயே."

அவன் கை சட்டைப்பையைப் பொத்தியது. வானதி விரல்களை விலக்கிப் பேனாவை எடுத்தாள். நோட்டில் ஒரு கோடு இழுத்தாள். மை வரவில்லை. அழுத்தி இன்னொரு கோடு. தாளில் மஞ்சளாக இழுபட்டது, குழாய்க்குள் குத்தித் தள்ளிய சந்தனம்.

தர்மாம்பாள்தான் முதலில் எழுந்தாள்.

"என் கையால சந்தனம் வாங்கிட்டு என் தலையிலயேவாடா!"

கான்ஸ்டபிள் குறுக்கே வராவிட்டால் பரணிதரன் கன்னம் பழுத்திருக்கும். ஜீப்பில் ஏறும்போது அவன் யாரையும் பார்க்கவில்லை.

மாலை 4.30.

வலங்கைமான் சைக்கிள் பட்டறையில் நிமிர்த்திய காலோடு ஜெட் மறுபடி சாலையில் நின்றது. ரெமிஜியஸ் குழாயை மூன்று தரம் ஊதிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தான். ஆற்றுக் கரை ஏறி ஊரே நின்றது. என்ஜின் ஊளையிட்டது. ஓடியது, எழும்பியது, வானத்தைக் கிழித்தது.

நூற்றைம்பது மீட்டரில் விசையைத் தட்டினான்.

மூக்கு அசையவில்லை. ஜெட் தானே சாய்ந்து, தானே திரும்பி, குடமுருட்டி ஆற்றின் கரையோடு கோடு பிடித்த மாதிரி போனது. மூலைக்கு மூலை அளவெடுத்துத் திரும்பியது. ரெமிஜியஸ் ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். கரையில் கிளம்பிய விசில் ஜெட் சத்தத்தையே அமுக்கியது.

பாத்திமா லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"ஒரு மீட்டர்கூட விலகல. திங்கட்கிழமை ஆர்டர் வரும், ரெமிஜியஸ். தம்மாமுக்கு வரலன்னு போன் போட்டுருங்க."

ரெமிஜியஸ் தரையிலிருந்து ரிமோட்டை எடுத்துக்கொண்டான்.

"சரி, இறக்குங்க. எனக்கு ரயில் இருக்கு."

"கார் அரை மணியில கொண்டு போய் விட்டுடும் மேடம்," என்றான் அவன், மேலே பார்த்தபடியே. "இன்னும் ஒரே ஒரு சுத்து."