காவல் நிலைய முற்றத்தில் பீப்பாய் மேளம்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. இல்லாவிட்டால், காவல் நிலைய முற்றத்தில் போய் மேளத்தை வைப்பார்களா?

இளநீர் வண்டிக்கார ஹோரஸ் நிலைய வாசலில் அப்படித்தான் முணுமுணுத்துக்கொண்டு நின்றார். இதே டிரினிடாட் தீவில் அவர் பையனாக இருந்தபோது, எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டி மேளம் வாசித்தால் போலீஸ் துரத்தும். ஒரு தடவை அவருடைய மேளத்தைப் பூட்ஸ் காலால் மிதித்தே நசுக்கிவிட்டார்கள். இன்று அதே போலீஸ் மேளங்களைத் துடைத்து வரிசையாக வைக்கிறது!

காரணம் இல்லாமல் இல்லை. மேட்டுப் பள்ளிப் பையன்களுக்கும் பள்ளத்துப் பள்ளிப் பையன்களுக்கும் பஸ் நிறுத்தத்தில் எப்போதும் அடிதடி. போன வாரம் ஒருவனுக்கு மண்டையில் தையல். அதனால் இரண்டு தலைமையாசிரியைகளும் சார்ஜென்ட் பியர் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு முடிவு செய்தார்கள்.

பெரிய பீப்பாய்கள் மேட்டுப் பள்ளிக்கு. சின்னப் பீப்பாய்கள் பள்ளத்துப் பள்ளிக்கு. பெரியதில் அடிநாதம் மட்டும்தான் வரும். சின்னதில்தான் பாட்டு வரும். சேர்ந்து வாசித்தால் திருவிழா ஊர்வலத்தில் இடம் உண்டு. ஒரு கல் பறந்தாலும் எல்லாம் முடிந்தது.

பியர் அம்மா வண்டியருகே வந்தார்.

"தாத்தா, இன்னைக்கு ஒரு நாள் அரிவாளை உள்ள வைங்க."

"அப்போ இளநியைப் பல்லால கடிச்சா தெறந்து தர?"

"பசங்க வர்ற நேரம் தாத்தா."

"அதான் தெரியுமே. இன்னைக்கு மண்டை உடையும். பாத்துக்கிட்டே இரு."

சொன்னாலும், அரிவாளைச் சாக்குக்கு அடியில் தள்ளிவிட்டார். பிறகு மதியச் சாப்பாட்டைத் திறந்தார். துவரை போட்ட சோறு. கரண்டி வாய்க்குப் போகும்முன் ஒரு குரல் கேட்டது.

"தாத்தா!"

ஜனீல் நின்றாள். பத்து வயதுப் பெண்.

"சண்டையை வேடிக்கை பாக்க வந்தியா?"

"எங்க அண்ணன் டெவான் முதுகுக்குப் பின்னாடி பாட்டில் வெச்சிருக்கான் தாத்தா. போன வாரம் தையல் போட்டது அவனுக்குத்தான். அடிச்சது அந்தப் பள்ளத்துப் பள்ளி மார்லன்."

"போலீஸ்ல சொல்லு."

"சொன்னா அண்ணனைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க. சொல்லலேன்னா மார்லன் மண்டை போயிடும்."

அவள் பார்வை ஹோரஸின் கையில் நின்றது.

"அந்தக் கரண்டியைக் குடுங்க."

"நான் சாப்பிட வேணாமா?"

கரண்டி ஏற்கெனவே அவள் கையில் இருந்தது.

அதற்குள் முற்றத்தில் இரண்டு கூட்டமும் வந்து எதிரெதிரே நின்றன. யாரும் மேளத்தைத் தொடவில்லை. மார்லனின் சட்டைப் பை கற்களின் கனத்தில் தொங்கியது.

"தையல் பிரிச்சாச்சாடா?" என்றான் மார்லன்.

டெவானின் தோள் விறைத்தது.

டிங்!

ஜனீல் அண்ணனின் முதுகுக்குப் பின்னால் நின்று பாட்டிலைத் தட்டினாள். டிங், டிங், டிடிங்!

அந்த ஊரில் மேளம் வாங்க முடியாதவன் பாட்டிலும் கரண்டியுமாகத்தான் திருவிழாவில் இறங்குவான். அந்தச் சத்தம் யாருக்கும் புதிதில்லை. ஆனால் இப்போது எல்லோர் கண்ணும் பாட்டில் மேல் விழுந்தது. பியர் அம்மாவின் கண்ணும்தான்.

'போச்சு, கைவிலங்குதான்' என்று நினைத்தார் ஹோரஸ்.

"நான் பாட்டில் வாசிக்கப் போறேன்!" என்றாள் ஜனீல் சத்தமாக. "அண்ணா, ஆடாமப் பிடி!"

பியர் அம்மா பாட்டிலைப் பார்த்தார். டெவானின் முகத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"வாசி கண்ணு. ஆனா தாளம் தறிகெட்டு ஓடுதே!"

ஓடத்தான் செய்தது. மார்லனால் பொறுக்க முடியவில்லை.

"என்ன தாளம் இது? நொண்டி ஆட்டைத் துரத்தின மாதிரி!"

"என் தங்கச்சியையா சொல்றே? நீ வாசிடா பாப்போம்!" என்றான் டெவான்.

"வாசிக்கிறேன்டா!"

குனிந்தால் பை மேளத்தில் இடித்தது. மார்லன் கற்களை எடுத்து மதில்மேல் வைத்துவிட்டு, குச்சிகளைப் பிடித்தான். மணி உருள்வதுபோலப் பாட்டு கிளம்பியது. இனிமைதான். ஆனால் அடிநாதம் இல்லாததால் காலில்லாமல் மிதந்தது.

டெவான் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். பிறகு பாட்டிலைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் பெரிய பீப்பாய்களுக்கு நடுவில் போய் நின்றான்.

தூம்.

பூமிக்கு அடியில் ஏதோ பெரிய மிருகம் புரண்டு படுத்தது போலிருந்தது. வண்டியில் இளநீர்கள் நடுங்கின. மாமரத்திலிருந்து கிளிகள் கூட்டமாக எழும்பின. ஒவ்வொருவனாக எல்லாப் பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். காவல் நிலையத்தின் ஜன்னல்கள் அதிர்ந்தன. வாசலில் நின்ற காவலரின் பூட்ஸ் கால் தானாகத் தாளம் போட்டது.

ஹோரஸுக்குக் கை மயிரெல்லாம் எழுந்து நின்றது. மிதித்த கால் இப்படியும் ஆடுமா? திறந்த வாயை மூட அவருக்கு மறந்துபோயிற்று.

பியர் அம்மா பக்கத்தில் வந்தார். "இப்போ என்ன சொல்றீங்க தாத்தா?"

"ஒரு நாள் கூத்து. அடுத்த வாரம் உடையும்."

"கண்ணு ஏன் கலங்கியிருக்கு?"

"வெயிலு."

"அடுத்த வாரமும் வருவீங்கதானே?"

"வராம? நான் சொன்னது நடக்குதான்னு பாக்க வேணாமா?"

ஹோரஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஆனால் மேளச் சத்தம் கேட்கும் அந்தச் சின்னத் தெருவைக் கடக்க, அன்று அவருக்கு வெகு நேரம் பிடித்தது.